கச்சான் காற்றில் கைச்சாய நூல்: சால்வை நெய்பவர்களின் அனுபவம்

நிலாவெளியிலிருந்து:
2/20 பருத்தி நூலில் (20ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது), அச்சில் (ஊடையை அடித்து நெருக்குகிற சீப்பில்) 10 அங்குல அகலம், 72 அங்குல நீளச் சால்வைக்கு நூல் கணக்கு இது. பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், அங்குலத்துக்கு 32 இழை, மொத்தம் 320. பாவு மூன்றரை யார். அதில் ஒன்றரை யார் குஞ்சத்துக்கும் தறிக் கழிவுக்கும் நெய்யும்போது சுருங்குவதற்கும் போய்விடும். பாவுக்கு 65 கிராம், ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, 40 கிராம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் சாயம் போடுங்கள். அடுத்த முறை அதே அளவு கலந்தாலும் அதே நிறம் பிடிக்காது.

சாயம் போட்ட நூலில் வெள்ளைத் திட்டு விழுவதற்குப் பெரும்பாலும் கழியை (சுற்றி எடுத்த நூல் கட்டை) இறுக்கிக் கட்டுவதுதான் காரணம். நாலு இடத்தில், விரல் நுழையிற தளர்வில் கட்டினால் போதும். குளிர்நீர் ரியாக்டிவ் சாயம் என்றால் 100 கிராம் நூலுக்கு 2 லீற்றர் தண்ணி, 2 கிராம் சாயம், 100 கிராம் உப்பு. சலவைச் சோடா 20 கிராமைத் தனியாகக் கரைத்து, இருபது நிமிடம் கழித்து, நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றுங்கள். முந்திப் போட்டால் சாயம் பரவ முன்னமே பிடித்து, நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். பிறகு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கழுவுகிற சுடுதண்ணி தெளியும்வரை அலச வேண்டும்.

மஞ்சள் நிறத்துக்குக் கடுக்காய்ச் சாயம் போடுகிறவர்கள் முதலில் கிணற்றுத் தண்ணியைச் சோதியுங்கள். ஒரு கோப்பைத் தண்ணியில் ஒரு சிட்டிகை கடுக்காய்த்தூள் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். கறுத்தால் தண்ணியில் இரும்பு இருக்கிறது; மஞ்சள் வராது, சாம்பல்தான் வரும். மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் அதுவே நல்லது. துருப்பிடித்த வாளியும் இதே வேலையைச் செய்யும்.

மூதூரிலிருந்து:
அக்கா, சாயம் சரி, பாவு அறுகிறதையும் சொல்ல வேணும். கச்சான் (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) அடிக்கிற மாதங்களில் காற்று நூலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். பருத்தி ஈரத்தில்தான் பலம். காய்ந்தால் விழுதில் (பாவு இழையைத் தூக்கி இறக்கும் கண்ணிகளில்) உரசி முதலில் பஞ்சு கிளம்பும், பிறகு அறும். நீர்த்த அரிசிக் கஞ்சியில் கழியைத் தோய்த்துப் பிழிந்து, காயும்போதே உதறி உதறி இழை பிரித்து விடுங்கள். பாவுக்குக் கீழே நனைத்த சாக்கு விரித்து, விடியக்காலையில் நெய்யுங்கள். கஞ்சி போட்ட பாவை மாரி மழை வரைக்கும் தறியில் விடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

ஓர இழைதான் அதிகம் அறும். ஊடையை நேராக இழுத்தால் துணி ஒடுங்கி, அச்சு ஓரத்தை அறுக்கும். நாடா (ஊடை நூலைக் கொண்டு போகும் ஓடம்) போன பின் ஊடையை வில்லாக வளைத்து விட்டு அடியுங்கள். இரண்டு ஓரத்திலும் நாலு நாலு இழையை இரட்டையாகக் கோத்தால் இன்னும் தாங்கும். பாவு சுற்றும்போது இடையில் காகிதம் வைக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஓர இழைகள் உருளையில் சரிந்து தளர்ந்துவிடும்.

உப்புவெளியிலிருந்து:
தம்பி சொன்னதோடு ஒன்று. கைச்சாய நூலில் ஒவ்வொரு கழியும் கொஞ்சம் வேறுபடும். ஊடைக்கு இரண்டு கழியிலிருந்து இரண்டு நாடா எடுத்து, இரண்டு இழைக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிறம் பட்டையாக வெட்டித் தெரியாது.