கோர்ட் வரியைத் திருத்தச் சொல்லிவிட்டது, கட்டின டெபாசிட் திரும்ப வருமா?

குழாய்க்கிடங்கு எழுதியது

வணக்கம். ஹூஸ்டனில் ஒரு சின்ன இறக்குமதி நிறுவனத்தில் கொள்முதல் பார்க்கிறேன். இந்தியாவிலிருந்து வெல்டட் ஸ்டீல் பைப் வரவழைக்கிறோம். பெரும்பாலும் ஷெட்யூல் 40, வேலி போடுகிறவர்கள் வாங்குகிற சரக்கு. இந்தப் பைப்புக்கு ஆன்டி டம்பிங் வரி, அதாவது நியாய விலைக்குக் கீழே ஏற்றுமதி செய்வதாகச் சொல்லிப் போடும் வரி, 1986-லிருந்தே இருக்கிறது. என்னைவிட இரண்டு வயது மூத்தது.

போன வாரம் சப்ளையரிடமிருந்து மெயில். அவர்கள் மேல் போட்ட வரி விகிதத்தைத் திருத்தும்படி நியூயார்க் கோர்ட் உத்தரவிட்டுவிட்டதாம், இனி வரி ஏறக்குறைய பூஜ்யமாம். எங்கள் மூன்று கன்டெய்னருக்கு 19,400 டாலர் டெபாசிட் கட்டியிருக்கிறோம். முதலாளி இன்றைக்கே சான் அன்டோனியோ வாடிக்கையாளருக்கு வரியைக் கழித்துக் கொடேஷன் போடச் சொல்கிறார். "ஒருவேளை விகிதம் ஏறினால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சப்ளையரின் சேல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்.

பணம் எப்போது திரும்ப வரும்? அந்த நம்பிக்கையில் விலையைக் குறைக்கலாமா?

பழைய காஸ்ட்காரன் எழுதியது

தம்பி, முதலில் அந்தக் கொடேஷனை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் சென்னைக்கு மேற்கே ஒரு டியூப் மில்லில் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வரியின் விகிதத்தைப் போடும் அமெரிக்க வர்த்தகத் துறை அனுப்பும் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியே தலை நரைத்தது.

உங்கள் சப்ளையர் சொல்லும் தீர்ப்புக்கு அங்கே ரிமாண்ட் என்று பெயர். நம்ம ஊரில் ரிமாண்ட் என்றால் புழல்தான் நினைவுக்கு வரும். இங்கே ரிமாண்ட் ஆவது ஃபைல். நியூயார்க்கில் இருக்கும் சர்வதேச வணிக நீதிமன்றம் தானாக ஒரு விகிதத்தை எழுதிக் கொடுப்பதில்லை. "நீ போட்ட கணக்கில் இந்த இடம் சட்டப்படி நிற்காது, மறுபடி போட்டுக் கொண்டு வா" என்று வர்த்தகத் துறைக்கே திருப்பி அனுப்பும். அவர்கள் மறுபடி போடுவார்கள். சில நேரம் அதே எண்ணை வேறு காரணம் சொல்லிக் கொண்டு வருவார்கள், கோர்ட் மறுபடி அனுப்பும். சில நேரம் "எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு" என்று ஒரு வரி சேர்த்து, கோர்ட் சொன்னபடி குறைத்துப் போடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மேல்முறையீடு காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்லக் இந்தியா என்ற நம்ம ஊர் டியூப் கம்பெனியின் வழக்கைத் தேடிப் படித்துப் பாருங்கள். உங்கள் பைப் இல்லை, கோல்ட் டிரான் மெக்கானிக்கல் டியூப், சூடாக்காமல் இழுத்துச் செய்கிற இயந்திர பாகக் குழாய். 2017-ல் அமெரிக்க ஆலைகள் இந்த வரி கேட்டு மனுப் போட்டன. இந்தியாவோடு சீனா, ஜெர்மனி, இத்தாலி, கொரியா, சுவிட்சர்லாந்தும் அதில் மாட்டின. அதிகாரிகள் சரிபார்க்க வந்தபோது, தொடக்கத்திலேயே குட்லக் ஒரு திருத்தத்தை நீட்டியது. சரக்குகளை ரகம் பிரிக்கக் கொடுத்த கண்ட்ரோல் நம்பரில் குறியீட்டுப் பிழை, சின்னத் திருத்தம்தான் என்றது. வர்த்தகத் துறை வாங்க மறுத்தது. இது சின்னத் திருத்தமில்லை, கொடுத்த தரவு முழுக்க மாறுகிறது என்று சொல்லி, கம்பெனியின் சொந்தக் கணக்கையே ஓரம் வைத்துவிட்டு, மனுவில் இருந்த 33.8 சதவீதத்தைத் தலையில் கட்டியது. 2018-ல் அது உத்தரவாகவும் ஆகிவிட்டது.

2019-ல் நியூயார்க் கோர்ட், இது எழுத்துப் பிழைதான், வாங்கிக்கொண்டு கணக்குப் போடு என்றது. போட்டார்கள். விகிதம் பூஜ்யம் வந்தது. அன்றைக்கு அவர்களிடம் சரக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்களின் முதலாளிகளும் உங்கள் முதலாளி மாதிரிதான் பேசியிருப்பார்கள். அமெரிக்க ஆலைகள் வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயின. 2021 ஆகஸ்ட் 31 அன்று அது கீழ்க்கோர்ட் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. மறுபடி 33.8.

என் மனசு ஆலை பக்கம்தான். ஆனால் அதிகாரிகள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் மில்லுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், கையில் ஐந்து நாள். முதல் நாள் காலையில் கான்ஃபரன்ஸ் ரூமில் காபி ஆறிக்கொண்டிருக்கும்போதே, குருட்டாம்போக்கில் ஒரு இன்வாய்ஸை உருவி எடுத்தார் ஒருவர். இந்த லாட்டுக்கு எந்தக் காயில் (உருக்குத் தகட்டுச் சுருள்), அதன் டிக்கெட் எங்கே, எடைமேடைச் சீட்டு எங்கே, லெட்ஜரில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே போனார். டிக்கெட்டை எடுத்து வர ஸ்டோர்ஸ் பையன் ஓடின ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு முந்தின ராத்திரிதான் நான் ஒரு தப்பைக் கண்டுபிடித்திருந்தேன். 2.9 மில்லிமீட்டர் சுவர்த்தடிமன் உள்ள டியூபை 2.6-க்கான குறியீட்டில் ஏற்றியிருந்தார்கள். தப்பு எத்தனை இன்வாய்ஸில் இருக்கிறது என்று தேடித் தேடி மணி இரண்டாகிவிட்டது. மொத்தம் நாலு. ஒரே தாளில் எழுதிக் காலையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அதுவே நானூறு இன்வாய்ஸில் இருந்திருந்தால்? தப்பு அதேதான், ஒரு எழுத்து. ஆனால் சரிபார்க்க வந்தவருக்கு அது புதுக் கணக்கு. குட்லக் தீர்ப்பைப் படித்தபோது அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

ஆகவே கீழ்க்கோர்ட் தீர்ப்பை வைத்துக்கொண்டு பைப் விலையைக் குறைக்காதீர்கள். அது கடைசித் தீர்ப்பு இல்லை.

ஷிப்சேனல் புரோக்கர் எழுதியது

சார் சொன்னது சரி. நான் கஸ்டம்ஸ் புரோக்கர், என் பக்கத்துச் சங்கதி இரண்டைச் சேர்க்கிறேன்.

முதலில் உங்கள் மூன்று என்ட்ரியும், அதாவது கஸ்டம்ஸில் பதிவான மூன்று இறக்குமதியும், லிக்விடேட் ஆகிவிட்டதா என்று பாருங்கள். கம்பெனியை இழுத்து மூடுகிற லிக்விடேஷன் இல்லை, அந்த என்ட்ரியின் வரிக் கணக்கைக் கஸ்டம்ஸ் கடைசியாக முடிக்கிறது. இங்கே ஆன்டி டம்பிங் வரி பின்னால் கணக்குப் பார்க்கிற வரி. சரக்கு இறங்கும்போது கட்டுவது டெபாசிட்தான். பிறகு அந்த ஆண்டுக்கு யாராவது வர்த்தகத் துறையிடம் மறுஆய்வு கேட்டால் உண்மையான விகிதம் வரும், கேட்காவிட்டால் கட்டின டெபாசிட்டிலேயே கணக்கு முடியும். முடிந்துவிட்டால் அப்புறம் கோர்ட் என்ன சொன்னாலும் அந்த என்ட்ரிக்குப் பலனில்லை. 1983-ல் ஜெனித் ரேடியோ வழக்கில் இருந்து இதுதான் நிலை. அதனால்தான் வழக்குப் போடுகிறவர்கள் முதல் வேலையாக லிக்விடேஷனுக்குத் தடை வாங்குகிறார்கள். கஸ்டம்ஸில் 180 நாளுக்குள் ஆட்சேபம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். விகிதம் வர்த்தகத் துறை போட்டது, அதை எதிர்த்துக் கஸ்டம்ஸில் ஆட்சேபம் எடுபடாது.

தீர்ப்பு எந்த ஆண்டின் மறுஆய்வைப் பற்றியது என்பதையும் கேளுங்கள். உங்கள் சரக்கு அந்தக் காலத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த வாட்ஸ்அப். ஏறினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாரே, அதற்கு "சரி" என்று பதில் போட்டுவிடாதீர்கள். இந்த வரியை இறக்குமதியாளர்தான் ஏற்க வேண்டும். ஏற்றுமதியாளர் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகையை அவருடைய விற்பனை விலையிலிருந்து கழிப்பார்கள், வரி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். திருப்பி வாங்கவில்லை என்று நீங்கள் எழுத்தில் சான்று தர வேண்டும். தராவிட்டால் வாங்கியதாகவே வைத்துக்கொள்வார்கள்.

குழாய்க்கிடங்கு எழுதியது

ஐயோ, அந்த மெசேஜுக்கு முதலாளி கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

ஷிப்சேனல் புரோக்கர் எழுதியது

இன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள். "அப்படி எந்த ஏற்பாடும் எங்களுக்கு வேண்டாம்" என்று சப்ளையருக்கு மெயிலில் தெளிவாக எழுதி அனுப்புவது எப்படி என்று அவர் சொல்வார். மெசேஜை அழிக்காதீர்கள், அது இன்னொரு வம்பு.

லைன்பைப் எழுதியது

காஸ்ட்கார சார் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். எல்லா வழக்கும் குட்லக் மாதிரி முடிவதில்லை. கொரியா லைன் பைப் (எண்ணெய், எரிவாயு கொண்டுபோகும் குழாய்) வழக்கு என்ன ஆனது? கொரியாவில் ஹாட் ரோல்டு காயில் விலையே நம்பத்தக்கதில்லை, சீன உருக்கு வந்து குவிகிறது, அரசு மானியம் வேறு இருக்கிறது என்று சொல்லி வர்த்தகத் துறை ஆலைகளின் அடக்கவிலையை ஏற்றிவிட்டது. அடக்கம் ஏறினால், உள்ளூரில் விற்றதில் பாதி நஷ்ட விற்பனையாகத் தெரியும். அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தோடு ஒப்பிட்டால் டம்பிங் தானாக வந்துவிடும். நியூயார்க் கோர்ட் ஒப்பவில்லை. மேல்முறையீட்டுக்குப் போனது வெல்ஸ்பனின் அமெரிக்க ஆலை, நம்ம நாட்டுக் குழுமம்தான், கொரியாக்காரர்களுக்கு எதிராக! 2021 டிசம்பரில் ஃபெடரல் சர்க்யூட்டும் கொரிய ஆலைகள் பக்கமே நின்றது. 2015-ல் வந்த சட்டத்திருத்தம் நஷ்ட விற்பனைச் சோதனைக்கு அப்படி அடக்கத்தை ஏற்ற அனுமதிக்கவில்லை என்று ஹூண்டாய் ஸ்டீல் வழக்கில் தீர்ப்பானது.

பழைய காஸ்ட்காரன் எழுதியது

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இரண்டும் ஒரே ஜாதி வழக்கு இல்லை. கொரியாவில் சட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பது கேள்வி, அங்கே நீதிபதிகள் துணிந்து கை வைப்பார்கள். குட்லக்கில் ஃபைலுக்குள் என்ன வாங்குவது, எதைத் தள்ளுவது என்பது கேள்வி, அதை மேல்கோர்ட் பெரும்பாலும் துறையின் விருப்பத்துக்கே விட்டுவிடும். தம்பி, உங்கள் சப்ளையர் எந்த ரகம் என்று தீர்ப்பின் முதல் நாலு பக்கத்திலேயே தெரிந்துவிடும். மெயிலோடு தீர்ப்பை அனுப்பினார்களா?

இன்னொன்று. கொரியாக்காரர்கள் ஜெயித்ததும் வருஷக்கணக்கில் காத்திருந்துதான். மேல்முறையீடு முடியும்வரை கணக்கை நிறுத்தி வைப்பார்கள். திரும்ப வரும் பணம் வட்டியோடு வரும், உண்மை. ஆனால் அதுவரை உங்கள் 19,400 டாலர் அமெரிக்கக் கஜானாவில்தான் தூங்கும். விகிதம் ஏறினால் மீதிக்கும் வட்டி போட்டு உங்களிடம்தான் கேட்பார்கள், சப்ளையரிடம் இல்லை.

குழாய்க்கிடங்கு எழுதியது

எல்லோருக்கும் நன்றி. தீர்ப்பை வாங்கிப் படித்தேன், பாதி புரிந்தது. சார் சொன்ன இரண்டாவது ரகம்தான். ஏதோ ஒரு செலவு விவரத்தைக் கெடு தாண்டிக் கொடுத்தார்கள் என்று தள்ளியதைப் பற்றியது. வர்த்தகத் துறைக்கு 90 நாள் கொடுத்திருக்கிறார்கள். பூஜ்யம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, அது சப்ளையர் தானாகச் சேர்த்தது.

மூன்று என்ட்ரியில் ஒன்று மார்ச் மாதமே லிக்விடேட் ஆகிவிட்டது. அதில் கட்டின 6,100 டாலரை மறந்துவிட வேண்டியதுதான். மற்ற இரண்டும் நிறுத்தத்தில் இருக்கின்றன. வக்கீலிடம் வாட்ஸ்அப்பைக் காட்டினோம், கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்தார், பிறகு ஒரு மணி நேரத்துக்குப் பில் போட்டார். சான் அன்டோனியோ கொடேஷன் பழைய விலையிலேயே போயிருக்கிறது.