உள்ளே இருந்து வந்தவர் உடம்புக்கு யார் பொறுப்பு?

வீரவநல்லூர் தம்பி:
எங்கள் பெரியப்பா 11 வருஷம் உள்ளே இருந்துவிட்டுப் போன தையில் வீட்டுக்கு வந்தார். எந்தச் சிறை, என்ன வழக்கு என்பது வேண்டாம். போகும்போது 42 வயது, நாள் முழுக்க வயலில் நின்ற ஆள். இப்போது 53. தெருவில் பார்க்கிறவர்கள் எழுபது இருக்குமா என்று கேட்கிறார்கள். கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. சிமெண்ட் தரையிலேயே படுத்து முட்டி போய்விட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்கிறார். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது, ஆனாலும் பெரியம்மா வந்து திறக்கிறவரை நிற்கிறார். நீதிபதி எழுதியது வருஷக் கணக்கை மட்டும்தானே? இந்தப் பல்லும் முட்டியும் தண்டனையில் சேர்த்தியா? விடுதலையாகி வருகிறவர்களுக்கு அரசே தொடர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். 2014ல் வரப்புத் தகராறில் என் கூடப்பிறந்தவனை அரிவாளால் வெட்டினார்கள். வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. சோற்றைப் பிசைந்து உருட்ட முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறான். வெட்டியவன் வெளியே வந்து ஊரில்தான் இருக்கிறான். என் தம்பிக்கு வைத்தியம் பார்க்க எந்த அதிகாரி வந்தார்? முதலில் வெட்டுப்பட்டவன், அப்புறம்தான் வெட்டியவன்.

கயத்தாறு வாசகர்:
சர்க்கரையும் பிரஷரும் வெளியே இருக்கிற நம் எல்லோருக்கும்தான் வருகிறது. ஜெயில் மேல் பழி போடுவது சரியா?

பாளை அக்கா:
நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கயத்தாறு சார் கேட்டது நியாயமான கேள்வி. உள்ளே போகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே வறுமை, குடி, பீடி என்று இருந்தவர்கள், அதனால் எது ஜெயிலால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். நியூயார்க் மாநிலத்தில் பரோலில் வந்தவர்களையே வைத்து, குறைந்த காலம் இருந்தவரையும் நீண்ட காலம் இருந்தவரையும் ஒப்பிட்டார்கள். 2013ல் வந்த அந்த ஆய்வில், உள்ளே இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆயுளில் ஏறக்குறைய இரண்டு வருஷம் குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது: வெளியே வந்து நாளாக ஆக அந்த ஆபத்து இறங்கிக்கொண்டே வந்தது. அதாவது வந்த புதிதில்தான் கவனிப்பு ரொம்பத் தேவை.

அப்புறம் காசநோய். நெரிசல், காற்றோட்டம் இல்லாத அறை, எண்ணிச் சோறு. உள்ளே தொற்றியது வருஷங்கள் கழித்துக்கூட கிளம்பும். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். நடுவில் விடுதலையாகி மாத்திரை விட்டுப்போனால் அடுத்து மருந்துக்கே அடங்காத காசநோயாக மாறலாம். அவர் ஏறுகிற டவுன் பஸ்ஸில் நாமும்தான் ஏறுகிறோம்.

வீரவநல்லூர் தம்பி:
இதே திருநெல்வேலி கோர்ட்டில் 1908ல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா, 1912ல் தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காட்டி ரயிலில் ஏறவிடவில்லை, ஊர் ஊராக நடந்தார். 1925ல் இறக்கும்வரை அந்த நோய் அவரை விடவில்லை.

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
சிவாவை இங்கே இழுக்காதீர்கள். அவர் நாட்டுக்காகப் போனவர். கொலைக் கேஸில் போனவனை அவர் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வராது.

வீரவநல்லூர் தம்பி:
இரண்டு பேரையும் ஒன்றாக வைக்கவில்லை அண்ணாச்சி. அவ்வளவு பெரிய மனுஷனையே அந்தச் சுவர் அப்படி ஆக்கியது என்றேன். சரி, கொலைக் கேஸை விடுவோம். 2022 கடைசியில் எடுத்த அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார்களா என்றே இன்னும் முடிவாகவில்லை. அவர்கள் பல்லும் முட்டியும் போனால் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? உங்கள் தம்பி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 2009லேயே சட்டத்தில் பிரிவு சேர்த்தார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில்தான் மனு கொடுக்க வேண்டும். கொடுத்தீர்களா?

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருஷம் கழித்து வாங்குவார்களா, விசாரிக்கிறேன். காசநோய் விஷயத்தில் சிஸ்டர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அது ஊருக்கே ஆபத்து. விசாரணைக் கைதிக்கும் பார்க்கட்டும். ஆனால் தண்டனை பெற்றவனுக்கு ஆயுள் முழுக்க அரசுப் பணத்தில் வைத்தியம் என்றால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தம்பி ஸ்பூனைக் கீழே போடும்போது பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாளை அக்கா:
உங்கள் வலியை மறுக்கவில்லை அண்ணாச்சி. வீரவநல்லூர் தம்பி, பெரியப்பாவின் பழைய மருந்துச் சீட்டு இருக்கிறதா? ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது அதைக் கட்டாயம் கேட்பார்கள். சளிப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

வீரவநல்லூர் தம்பி:
சீட்டு எதுவும் இல்லை அக்கா. வரும்போது மஞ்சப்பையில் ஒரு வேட்டியும் பெரியம்மா எழுதிய கடிதங்களும்தான் இருந்தன. மாத்திரை பெயர் கேட்டால், "வெள்ளையா ரெண்டு, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்கிறார். செவ்வாய்க்கிழமை கூட்டிப்போகிறேன்.