சொஃபியா ஷிக்கிரு: ஆலோசகரும் அவரே, பில் போடுவதும் அவரே என்றால்?

யீஷூன்வாசி:
2017 பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஜான்-லுக் மெலான்ஷோனின் பிரசாரத் தொடர்பை நடத்தியவர் ஷிக்கிரு. அந்த வேலைக்குப் பில் அனுப்பியது அவருடைய சொந்த நிறுவனமான மெடியாஸ்கொப். அங்கே இதற்கு அனுமதி உண்டா? ஓர் ஊரில் பேசும் மெலான்ஷோனின் உருவத்தை வேறு ஊர் மேடைகளிலும் காட்டிய ஹாலோகிராம் கூட்டம் வெறும் வேடிக்கைதானா?

கணக்குப்பிள்ளை:
தடை இல்லை. விலைதான் சிக்கல். 5% வாக்கைத் தாண்டும் வேட்பாளருக்குச் செலவு வரம்பில் 47.5% வரை அரசு திருப்பித் தரும். 2017ல் இரண்டாம் சுற்றுக்குப் போகாதவர்களுக்கு வரம்பு 16.851 மில்லியன் யூரோ. ஆக, ஏறத்தாழ 8 மில்லியன் வரை கிடைக்கும். மெலான்ஷோன் வாங்கியது 19.58%. நிறுவனங்கள் நன்கொடை தரக்கூடாது என்பதால், சந்தை விலையைவிட மிகக் குறைத்துப் பில் போட்டால் அது மறைமுக நன்கொடை. ஏற்றிப் போட்டாலோ மக்கள் வரிப்பணம். கட்சிக்காரரே விற்பனையாளர் என்றால் இரண்டு பக்கமும் இடி! அதனால் ஒவ்வொரு பில்லிலும் என்ன வேலை, எத்தனை நாள், என்ன விலை என்று பிரித்துக் காட்ட வேண்டும். 'தொடர்புச் சேவை' என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டால், பிரசாரக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஆணையம் கேள்வி கேட்கும்.

அந்தக் கணக்குகள் பற்றி 2018ல் விசாரணை தொடங்கியது. 2024 செப்டம்பரில் ஷிக்கிருவை முறைப்படி விசாரணைக்கு உட்படுத்தினார்கள். அவர் மறுக்கிறார். இது தீர்ப்பு அல்ல, கலக்க வேண்டாம். இதற்கிடையில் 2022, 2024 நாடாளுமன்றத் தேர்தல்கள் இரண்டிலும் பாரிஸ் 6ஆம் தொகுதியில் முதல் சுற்றிலேயே வென்றுவிட்டார்.

மேடைவிளக்கு:
ஹாலோகிராம் என்பது பெயர்தான். மேடையில் 45 பாகை சாய்வாக ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தைக் கட்டி, அதில் படத்தைப் பிரதிபலிக்கச் செய்யும் பழைய நாடகத் தந்திரம். படலத்தில் சுருக்கம் விழுந்தால் முகம் நெளியும். பின்னணி கருப்பாக இல்லாவிட்டால், அரங்க விளக்கு படலத்தில் பட்டால், உருவம் கரைந்துபோகும். கருப்புக் கோட்டு போட்டவர் இருட்டோடு இருட்டாகிவிடுவார்.

2017 பிப்ரவரி 5ல் லியோனில் பேசிய மெலான்ஷோன் அதே நேரம் ஓபெர்வில்லியேயிலும் தெரிந்தார். ஏப்ரல் 18ல் டிஜோனிலிருந்து இன்னும் ஆறு ஊர்களில், அதில் ஒன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியோன் தீவு. வேடிக்கை மட்டுமல்ல: தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதங்கள் பத்திரிகை, தொலைக்காட்சி, இணையம் எதிலும் கட்டண விளம்பரம் கூடாது. செய்தியாகிற கூட்டமும் யூடியூப் சேனலும்தான் வழி.

யீஷூன்வாசி:
அப்படியானால் நம் சிங்கப்பூர் தலைகீழா?

கணக்குப்பிள்ளை:
பெரும்பாலும். இங்கே இணையத்தில் கட்டண விளம்பரம் போடலாம், ஆனால் யார் பணம் என்று அதிலேயே தெரிய வேண்டும். 2025 பொதுத் தேர்தலில் வரம்பு ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளி. திருப்பித் தருவது 13,500 வெள்ளி வைப்புத்தொகை மட்டும்தான், அதுவும் எட்டில் ஒரு பங்கு வாக்காவது வாங்கினால். செலவுக்கு ஒரு காசும் திரும்பாது. ஆனாலும் முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் கணக்கு கொடுத்தாக வேண்டும், பில்களோடு.