மாரிக்கு முதல் பழைய கணினிச் சஞ்சிகைக் கட்டை அவிழ்த்துப் பாருங்கோ: கண்டதைப் பகிர்வோம்

கோண்டாவில் வாசகன்

மாரி வரப்போகுது. ‘தமிழ் கம்ப்யூட்டர்’, ‘டிஜிட்’, ‘பிசி குவெஸ்ட்’, வெளிநாட்டில் இருந்து ஆரோ கொண்டுவந்த ‘பைட்’, எது வைத்திருந்தாலும் இந்தக் கிழமையே கட்டை அவிழ்த்துப் பாருங்கோ. அலுமாரியின் அடித்தட்டில், சுவரோடு ஒட்டி வைத்த கட்டுத்தான் முதலில் பழுதாகும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தின் ஈரமும் சுவரின் ஈரமும் நேரே தாளுக்குத்தான் போகும். தட்டைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வையுங்கோ.

அதிகம் சேதமாவது பளபளப்புத் தாள். அந்தப் பளபளப்பு, வெண்களியும் பசையும் கலந்து தாளின் மேல் பூசிய பூச்சு. ஈரம் பட்டால் பசை இளகும். அப்படியே மூடிக் காயவிட்டால் பக்கமும் பக்கமும் ஒன்றாக இறுகி ஒரு பலகை மாதிரி ஆகிவிடும். பிறகு இழுத்தால் எழுத்து ஒரு பக்கத்தோடு உரிந்து வரும், மற்றப் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கும். அதற்கு மருந்தே இல்லை. அதனால் நனைந்த இதழை ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையில் மெழுகுத்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கோ. வெயிலில் போட்டால் தாள் வளைந்துபோகும், மையும் வெளிறும்.

இரண்டு நாளைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கட்டுப் பெரிதாக இருந்து அந்த நேரத்துக்குள் முடிக்க ஏலாது என்றால், ஒவ்வோர் இதழையும் தனித்தனியாகப் பொலித்தீனில் சுற்றி உறைகுளிர்ப் பெட்டியில் வைத்துவிடலாம். அங்கே சேதம் கூடாது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, இளக இளகப் பிரிக்கலாம்.

செய்தித்தாள் மாதிரியான சாதாரணத் தாள் ஒட்டாது, ஆனால் மஞ்சளாகி நொறுங்கும். அந்த இதழ்களை மடித்து வைக்கவே கூடாது. மடிப்பில்தான் முதலில் உடையும்.

சுன்னாகம் பைண்டர்

மேலே சொன்னதோடு கட்டுமானத்தையும் பாருங்கோ. மெல்லிய இதழ்களின் நடுவில் இரண்டு கம்பிப் பின் இருக்கும். கடற்காற்று வீசுற ஊரில் அது துருப்பிடியாமல் இருக்காது. துரு தாளைத் தின்னும். நடுப்பக்கம் இரண்டு துளையோடும் கழன்று வரும்.

பின் பிடுங்கும் கருவியால் இழுக்காதேங்கோ, தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கின கத்தி நுனியால் பின்னின் கால்கள் இரண்டையும் நிமிர்த்திவிட்டு, முதுகுப் பக்கத்தால் மெதுவாகத் தூக்கி எடுங்கோ. துருப்பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டுங்கோ, ஈரத்துணி வேண்டாம். பிறகு பருத்தி நூலை மெழுகில் இழுத்து, பழைய துளைகளோடு நடுவில் புதிதாக ஒரு துளையும் போட்டு, மூன்று துளைத் தையல். நடுத்துளையால் ஊசி உள்ளே போய், மேல்துளையால் வெளியே வந்து, கீழ்த்துளையால் உள்ளே திரும்பி, நடுவால் வெளியே வந்து முடிச்சு. ஐந்து நிமிட வேலை.

முதுகில் பசை போட்ட தடித்த இதழ்கள் வேறு கதை. சூடாக்கி ஊற்றின பசை வருடங்கள் போக வெடிக்கும், திறந்தவுடன் பக்கங்கள் பறக்கும். அப்படி இருந்தால் வற்புறுத்தி விரிக்காமல், கழன்ற பக்கங்களை ஒழுங்காக அடுக்கி முதலில் ஸ்கான் செய்யுங்கோ. ஒட்டுறது அதுக்குப் பிறகு. ஒட்டும் நாடா மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பசை தாளுக்குள் ஊறி மண்ணிறக் கோடாக நிற்கும்.

இணுவில் தம்பி

அண்ணைமார், இதழோடு வந்த சீடிகளை என்ன செய்யிறது? உறையோடு ஒட்டிப்போய்க் கிடக்குது.

திருநெல்வேலிச் சந்தி

தம்பி, அந்த மென்மையான பிளாஸ்டிக் உறையில் இருந்து எண்ணெய் மாதிரி ஒரு பிசின் கசியும், அதுதான் ஒட்டுறது. சீடியை இழுத்து உரிக்காமல் உறையை இரண்டு பக்கமும் வெட்டிப் பிரியுங்கோ. தரவு இருக்கிறது கீழ்ப்பக்கத்தில் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது படம் அச்சடித்த மேல்பக்கத்துக்குக் கீழே, மெல்லிய அலுமினியப் படலத்தை ஒட்டி இருக்கிறது. மேலே ஒரு அரக்குப் பூச்சுத்தான் காவல். அது கீறுப்பட்டால் காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியம் கரைந்துபோகும். சீடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது.

துடைக்கும்போது நடுவில் இருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறலும் தரவுத்தடத்தின் வழியே ஓடும், அப்படியான கீறலை வாசிப்பான் தாண்டமாட்டாது. நடுத்துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் வேகமான டிரைவில் போடவேண்டாம், சுழற்சியில் உடைந்து டிரைவையும் கெடுக்கும்.

கோப்புகளைத் தனித்தனியாகப் பிரதி எடுக்காமல் முழுச் சீடியையும் படிமமாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, எடுங்கோ. லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு நிரல் இதற்கென்றே இருக்கிறது. அது வாசிக்கும் துண்டின் அளவை 2048 பைட் என்று கொடுங்கோ. முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகவிட்டு, இரண்டாம் ஓட்டத்தில் அவற்றுக்கு மட்டும் மூன்று முயற்சி. ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொன்று வாசிக்கும். எதை வாசித்தது என்று அந்த நிரல் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பையே திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

650 மெகாபைட் சீடி ஒன்றை அந்தக் காலத்துத் தொலைபேசி இணைப்பில், 56 கே மோடத்தில், அதன் முழு வேகத்திலேயே இறக்கினாலும் 27 மணித்தியாலம் எடுக்கும், அதுவும் இணைப்பு ஒருமுறையும் அறுந்துபோகாவிட்டால். பிசி குவெஸ்ட் தன் சீடியில் லினக்ஸையே போட்டுத் தந்தது ஏன் பெரிய விசயம் என்று இந்தக் கணக்குச் சொல்லும்.

நல்லூர் பேசிக்

தொண்ணூறுகளின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, கணினி என்றால் என்னவென்று தாளில் பார்த்ததுதான். அதனால் வாசகரே கணினியில் அடித்து ஓட்டச் சஞ்சிகையில் அச்சடித்த நிரல் பட்டியல்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இப்போது அவற்றை, பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலுக்குள், ஜிடபிள்யூ பேசிக் என்ற பழைய நிரல்மொழியில் ஓட்டலாம்.

அதிகம் பிழை வரும் இடம், நிரலுக்கு வேண்டிய எண்களை அடுக்கி வைத்த டேட்டா வரிகள். மங்கின அச்சில் காற்புள்ளி முற்றுப்புள்ளி போலத் தெரியும். 12, 5 என்ற இரண்டு எண்ணை 12.5 என்று அடித்தால் ஓர் எண் குறையும், கடைசியில் ‘அவுட் ஒஃப் டேட்டா’, அதாவது எண் தீர்ந்துவிட்டது, என்று நிற்கும். பிழைச்செய்தி அந்த எண்களை எடுக்கிற ரீட் வரியைக் காட்டும், குற்றம் டேட்டா வரியில் இருக்கும். வரிக்கு எத்தனை எண் என்று தாளில் எண்ணி ஓரத்தில் குறித்துவிட்டு அடியுங்கோ. இரண்டு பேர் தனித்தனியாக அடித்து, கோப்புகளை ஒப்பிட்டால் இன்னும் நல்லது. பூச்சியத்தையும் ஓ எழுத்தையும் கணினியே தாளில் இருந்து வாசிக்கவிட்டால் கட்டாயம் குழப்பும்.

போக் 53280 என்ற கட்டளையைக் கண்டால் அது கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் திரை ஓர நிறத்தை மாற்றுவது. பிசியில் ஓடாது, அந்தக் கணினி போல நடிக்கும் எமுலேட்டர் வேண்டும்.

கோண்டாவில் வாசகன்

ஸ்கான் விசயம் விட்டுப்போச்சு. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணம், பின்னால் ஒரு கறுப்பு மட்டை. மட்டை இல்லாவிட்டால் மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும். ஒரு ஏ4 பக்கம் சுருக்காமல் 26 மெகாபைட், 100 பக்க இதழ் 2.6 கிகாபைட். படங்களில் அலைக்கோடு விழுந்தால் ஸ்கானரின் ‘டீஸ்கிறீன்’ தெரிவைப் போடுங்கோ, நிரல் பட்டியல் பக்கங்களுக்கு அது வேண்டாம், எழுத்து மழுங்கும்.

சீடியில் தமிழ்க் கோப்பு இருந்து குப்பையாகத் தெரிந்தால் அழிக்காதேங்கோ, பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தின பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அடியில் கிடப்பது ஆங்கில விசைகள்தான்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. யூனிகோடு மாற்றியில் போட்டால் வாசிக்கலாம், மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கோ.

இலங்கையில் அச்சான தமிழ் இதழ் என்றால் முதலில் நூலகம் வலைத்தளத்தில் தேடுங்கோ. 2005இல் இருந்து எங்கட ஆவணங்களை ஏற்றி வருகிறார்கள். அங்கே இல்லாத இதழ் கையில் இருந்தால் அவர்களோடு கதையுங்கோ. பொது நூலகம் எரிந்த ஊரில் ஒரேயொரு பிரதியை நம்பி இருக்கக் கூடாது.

இணுவில் தம்பி

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்புச் சின்னனாக வராதா அண்ணை?

கோண்டாவில் வாசகன்

வரும், ஆனால் பென்சில் குறி எல்லாம் போய்விடும் தம்பி. பழைய பட்டியல்களில் அடித்து முடித்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆரோ ஒரு சின்னச் சரி போட்டிருப்பார்கள், சில இடத்தில் அச்சுப்பிழையைத் திருத்தியும் இருப்பார்கள். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் நிரல் ஓடாது. வண்ணத்திலேயே எடுங்கோ.