'யூனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங்': தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.
ஆசிரியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாப் பிள்ளைகளும் கற்கும்படி பாடத்தை முன்கூட்டியே திட்டமிடும் இந்த முறைக்கு, வரைவில் 'உலகளாவிய கற்றல் வடிவமைப்பு' என்றிருக்கிறது. ஏதோ ஐ.நா. திட்டம் போலத் தொனிக்கிறது. பயிற்சியில் நடப்பதோ தாள் மடிப்பு. முதல் சுற்றில் பயிற்றுநர் தாளைத் தூக்கிப் பிடித்து, "இதை இப்படி மடிங்க, அப்புறம் இப்படி" என்று கால் பங்கைக் காட்டுவார். பின்வரிசையில் ஆளுக்கொரு மடிப்பு. இரண்டாம் சுற்றில் "கீழ் விளிம்பை மேல் விளிம்போடு சேருங்கள்" என்று சொல்லிக்கொண்டே, மடித்த தாள் ஒன்றைத் தொட்டுப் பார்க்கவும் சுற்றில் விடுவார். விடையை மடித்தோ வரைந்தோ வாயால் சொல்லியோ தரலாம். இதற்குப் பொருந்தும் பெயர் சொல்லுங்கள்.
— க.

'யாவர்க்குமான கற்றல் வடிவமைப்பு'. இதிலுள்ள 'உம்' முற்றும்மை. ஒருவரையும் வெளியே விடாது. திருமூலரே ஒரு பாடலை 'யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை' என்றுதான் தொடங்குகிறார்.
— செ.

செ. ஐயா, திருமூலர் கேட்டது ஒரு பச்சிலை. ஆசிரியர் பயிற்சி நடக்கும் வட்டார வளமையத்தில் கேட்பது கையேடு. அதோடு, 'யாவர்க்குமான' என்றால் எல்லாருக்கும் ஒரே பாடம் என்றுதான் படிப்பார்கள். 'யூனிவர்சல் டிசைன்' என்ற பெயரைத் தந்த ரான் மேஸ் கட்டடக்கலைஞர். சாய்தளம் ஒன்று போட்டால் சக்கர நாற்காலியும் ஏறும், தள்ளுவண்டியும் ஏறும். வகுப்பறை அப்படியல்ல. இந்தக் கற்றல் முறையை வகுத்த, 1984இல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் அமைப்பு பேசுவது வழிகளைப் பற்றி: ஈடுபடப் பல வழி, பாடம் வந்துசேரப் பல வழி, கற்றதை வெளிக்காட்டப் பல வழி. ஆகவே 'பல்வழிக் கற்றல் வடிவமைப்பு'. 'செயல்வழிக் கற்றல்' பழகிய ஆசிரியர்களுக்கு உடனே பிடிபடும்.
— ம.

பல்வழி என்றால் பல் வைத்தியமா?
— இரா.

நன்னூல் இடம் தருகிறது. 'பல' என்பதன்முன் பிற சொல் வந்தால் அகரம் கெடலாம், நிற்கவும் செய்யலாம். பல்கலை, பலகலை இரண்டும் சரி.
— ம.

புணர்ச்சி இருக்கட்டும். 'கண்ணைக் கட்டிக்கொண்டு வாசல்வரை நடங்கள்' என்று கையேட்டிலுள்ள மூன்றாம் செயல்பாட்டை எடுத்துவிடுங்கள். அதில் ஆசிரியருக்குப் பயம்தான் மிஞ்சும். என்னைப் போன்றவர்கள் எப்படிப் படிக்கிறோம் என்பது தெரியாது. அதற்குப் பதில், படம் நிறைந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, பார்க்காதவருக்குப் புரியும்படி விவரிக்கச் சொல்லுங்கள்.
— நி.

நி. அம்மா சொன்னபடி மாற்றிவிட்டேன். பெயரில் பெரும்பாலோர் 'பலவழிக் கற்றல் வடிவமைப்பு' என்கிறீர்கள். 'பல்' வேண்டாம், பலவே இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் யூ.டி.எல்.
— க.

என் மறுப்பு நிற்கிறது. 'பலவழி' என்று எழுதினால், மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குத் தனி வழி, தனி மூலை என்றுதான் பள்ளியில் நடக்கும். முற்றும்மை போய்விட்டது, ஐயா.
— செ.