ஜெர்மனிக்கு எச்.சி.ஐ. அட்மினாக வருகிறீர்களா? முதலில் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"அண்ணா, எனக்கு ஸ்டோரேஜ் மட்டும்தான் தெரியும், இங்கே சுவிட்சையும் நீயே பார் என்கிறார்கள், என்ன செய்ய?" சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எச்.சி.ஐ. என்றால் மெய்நிகர் கணினிகளை (வி.எம்.) ஓட்டுவதும் ஸ்டோரேஜும் ஒரே சர்வர்களில் இருக்கும் அமைப்பு.

ஊரில் பெரிய கம்பெனிகளில் ஸ்டோரேஜுக்கு ஒரு டீம், நெட்வொர்க்குக்கு ஒரு டீம், வி.எம்.வேருக்கு (வி.எம்.களை ஓட்டும் மென்பொருள்) இன்னொரு டீம் இருக்கும். டிக்கெட் போட்டால் வி-லேன் (சுவிட்சில் பிரித்துத் தரும் தனி நெட்வொர்க்) வந்துவிடும். இங்கே நடுத்தரக் கம்பெனியில் மொத்த ஐ.டி.யும் பெரும்பாலும் மூன்று நான்கு பேர்தான். போதாததற்கு எச்.சி.ஐ.யில் தனி ஸ்டோரேஜ் பெட்டியே கிடையாது. சர்வர்களுக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.கள் ஒன்றுசேர்ந்துதான் ஸ்டோரேஜ். செஃப் (சர்வர்களின் வட்டுகளை ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள்) என்றால், மூன்று பிரதி வைத்திருக்கும் இடத்தில், ஒரு வி.எம். எழுதுவது மற்ற நோடுகளுக்கும் (கூட்டத்தில் உள்ள சர்வர்களுக்கும்) போய்ச் சேர்ந்த பிறகுதான் "எழுதியாச்சு" என்று பதில் வரும். நடுவில் இருக்கும் கேபிளும் சுவிட்சும் வட்டின் பாகம்தான்.

2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கிய பிறகு லைசன்ஸ் முறை மாறியது. அதன்பின் இங்கே பல கம்பெனிகள் அதற்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் பார்வையைத் திருப்பின. பிராக்ஸ்மாக்ஸை உருவாக்கும் நிறுவனம் பக்கத்து நாட்டில், வியன்னாவில் இருக்கிறது. வி-சான் (வி.எம்.வேரின் ஸ்டோரேஜ் மென்பொருள்) மட்டும் தெரிந்தவர்கள் விமானம் ஏறும் முன்பே பிராக்ஸ்மாக்ஸும் செஃபும் கொஞ்சம் பழகிவிடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், பழுதான ஒரு சுவிட்சை மாற்றினோம். அன்று மாலையே ஒரு நோடின் ஓ.எஸ்.டி.கள் (செஃபில் ஒவ்வொரு வட்டையும் கவனிக்கும் நிரல்கள்) விழுவதும் எழுவதுமாக இருந்தன. நான் ஸ்டோரேஜ் ஆள் அல்லவா, வட்டுகளையே இரண்டு மணி நேரம் நோண்டினேன். வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டால் பதில் வருகிறது. கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "பெரிய பாக்கெட்டில் பிங் போட்டாயா?" என்று கேட்டார். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் அனுப்பினேன். மற்ற நோடுகள் பதில் சொல்லின, அந்த ஒன்று மட்டும் சொல்லவில்லை. நோடுகளில் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000, புது சுவிட்சின் அந்த போர்ட்டில் மட்டும் 1500. செஃப் தன் ஓ.எஸ்.டி.களுக்கிடையே அனுப்பும் இதயத்துடிப்புச் செய்தியைக் குறைந்தது 2000 பைட் இருக்கும்படி நிரப்பித்தான் அனுப்பும். சின்ன பிங் தாண்டிய இடத்தில் அது தாண்டவில்லை. (9000-இலிருந்து ஐ.பி. தலைப்பு 20, ஐ.சி.எம்.பி. தலைப்பு 8 கழித்தால் 8972.) அன்றிலிருந்து எந்த சுவிட்சைத் தொட்டாலும், ஒவ்வொரு நோடிலிருந்தும் மற்ற எல்லா நோடுக்கும் இந்த பிங்கைப் போடாமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

அடுத்து கோரோசிங்க். பிராக்ஸ்மாக்ஸ் நோடுகள் ஒன்றையொன்று உயிரோடிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இதன் வழியாகத்தான். அதற்கு அகலமான பாதை வேண்டாம், தாமதமில்லாத பாதை வேண்டும். பேக்கப் ஓடும் அதே கேபிளில் இதையும் விட்டால் இரவில் செய்தி தாமதமாகும், குவோரம் (பெரும்பான்மை நோடுகளோடு உள்ள தொடர்பு) போகும், ஹெச்.ஏ. (நோடு விழுந்தால் அதன் வி.எம்.களை வேறு நோடில் தானாக எழுப்பும் வசதி) போட்டிருந்தால் நோடு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். 1 ஜிகாபிட் போர்ட் போதும், ஆனால் அது தனியாக இருக்கட்டும். வேறு சுவிட்ச் வழியாக இரண்டாவது லிங்க்கும் கொடுங்கள்.

இடக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். நான்கு நோடு, ஒவ்வொன்றும் 70 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். ஒன்று செத்தால், சுமார் 10 நிமிடம் பார்த்துவிட்டு அதன் பிரதிகளை மற்ற மூன்றில் செஃப் மறுபடி உருவாக்கத் தொடங்கும். முழுதும் உருவாக்கி முடிக்க ஒவ்வொன்றும் 93 சதவீதம் ஆக வேண்டும். ஆனால் 85-இலேயே எச்சரிக்கை வரும், 90-இல் அந்த வட்டு புதுப் பிரதிகளை ஏற்பதை நிறுத்திவிடும், 95-இல் எழுதுவதே நின்றுவிடும். எல்லா வட்டும் சமமாக நிரம்பாது என்பதால் ஏதோ ஒன்று முன்னதாகவே 90-ஐத் தொட்டுவிடும். நான் 60-ஐத் தாண்ட விடமாட்டேன். மேலாளரிடம் புது வட்டு கேட்கும்போது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், எனக்கு இரண்டு முறை வேலை செய்திருக்கிறது.

பராமரிப்புக்காக நோடை இறக்கும் முன் நோஅவுட் (இறங்கிய வட்டுகளை விலக்கிப் பிரதிகளை மறுபடி உருவாக்காதே என்று செஃபுக்குச் சொல்லும் அமைப்பு) போடுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். எல்லா பி.ஜி.யும் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) ஆக்டிவ் க்ளீன், அதாவது எல்லாப் பிரதியும் சரி என்று ஆகும்வரை அடுத்த நோடைத் தொடாதீர்கள்.

அப்புறம் நம் ஊர் வழக்கத்தில் ஒன்றை இங்கே விட வேண்டும். இரவு இரண்டு மணி வரை பராமரிப்பு செய்துவிட்டு காலை ஒன்பதுக்கு ஆபீஸில் நிற்காதீர்கள். வேலை முடிந்த பின் 11 மணி நேர ஓய்வு பொதுவாகச் சட்டப்படி வேண்டும், அதாவது மதியம் ஒரு மணிக்கு முன் வரக் கூடாது. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். "ரூஃப்பெரைட்ஷாஃப்ட்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அது வீட்டிலிருந்தபடி அழைப்புக்குத் தயாராக இருப்பது. அதற்கு என்ன தருகிறார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

முதல் வாரம் கேட்டு வாங்க வேண்டியது சுவிட்சுக்குப் பார்க்கும் அனுமதியாவது. எந்த நோடு எந்த போர்ட்டில் என்று நீங்களே ரேக் முன் நின்று எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு படம் இருக்கும், தருவார்கள். அதைக் கேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.