நாணய சேகரிப்புக்கு மென்பொருள் எழுதுகிறேன், ஆண்டு ஃபீல்டில் மாட்டிக்கொண்டேன்

செப்புக்காசு (கேள்வி)

அப்பா நாற்பது வருடமாகச் சேர்த்த நாணயங்கள் 1,400-க்குப் பக்கத்தில் இருக்கும். இதுவரை எக்ஸெலில் வைத்திருந்தோம், இப்போது அவரே தனியாகப் பயன்படுத்துகிற மாதிரி பைத்தான் மொழியிலும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்திலும் சின்னதாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே டேபிள்தான்: நாடு, மதிப்பு, ஆண்டு, ஆலைக்குறி (எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் குறி), உலோகம், எடை, ஃபோட்டோ. ஆண்டை எண்ணாக வைத்ததில்தான் சிக்கல். திருவிதாங்கூரின் சக்கரம் என்ற காசில் 1114 என்று இருக்கிறது, அப்படியே ஏற்றினால் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. புதுக்கோட்டை அம்மன் காசில் ஆண்டே கிடையாது. 0 என்று போட்டேன், வரிசைப்படுத்தினால் அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

தென்கரை

ஆண்டை மூன்று ஃபீல்டாகப் பிரியுங்கள். முதலாவது 'நாணயத்தில் உள்ளபடி', இது வெறும் எழுத்து, கண்ணில் பட்டதை அப்படியே அடிக்க வேண்டும். மற்ற இரண்டும் எண்கள்: எப்போதிலிருந்து, எப்போது வரை. உங்கள் 1114 கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு), அது ஆவணியில் பிறப்பதால் ஆங்கில ஆண்டில் 1938, 1939 இரண்டிலும் கால் வைக்கும். ஒரே எண்ணில் அடைத்தால் எப்படியும் பாதி தப்பாகிவிடும். அம்மன் காசுக்கு முதல் ஃபீல்டு காலி, மற்ற இரண்டில் நீங்கள் நம்புகிற கால எல்லை. வரிசைப்படுத்துவது எப்போதும் இரண்டாவது ஃபீல்டை வைத்து.

முதல் ஃபீல்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். திப்பு சுல்தான் 1787-இல் மௌலூதி என்ற வேறோர் ஆண்டுக் கணக்குக்கு மாறினார், அதற்குப் பிறகு வந்த காசுகளில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதை நான் முதலில் தலைகீழாகப் படித்துவிட்டேன், உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருந்ததால்தான் பின்னால் திருத்த முடிந்தது.

நாலணா

ஆண்டை விடப் பெரிய பிரச்சினை அந்த ஒரே டேபிள். 'வகை' வேறு, 'கையில் இருக்கும் காசு' வேறு. ஒரே வகை ஒரு ரூபாய் உங்களிடம் ஆறு இருக்கலாம், ஆறின் தேய்மானமும் வாங்கிய விலையும் வேறு வேறு. இரண்டு டேபிளாக்கினால் விவரத்தை ஆறு முறை அடிக்க வேண்டாம், மாற்றிக்கொள்ள எத்தனை உபரி இருக்கிறது என்பதும் தானாகத் தெரியும்.

அப்புறம் ஆலைக்குறி. ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. அந்த ஃபீல்டு காலியாக இருந்தால் கொல்கத்தா என்று அர்த்தமா, இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தமா? 'குறி இல்லை' என்பதைத் தனி விடையாக வையுங்கள். நான் இதை வைக்காமல் விட்டு, முந்நூறு காசுகளை மறுபடி லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

அஞ்சறைப்பெட்டி

எனக்கு நிரல் எழுதத் தெரியாது, சேகரிப்பவளாகச் சொல்கிறேன். எந்த ஆல்பம், எந்தப் பக்கம், எந்தப் பை என்று ஒரு ஃபீல்டு கட்டாயம் வேண்டும், தேடி எடுக்க முடியாத பட்டியலால் என்ன பயன்? ஆல்பம் பிவிசி பிளாஸ்டிக் தாளா என்பதையும் குறித்துவிடுங்கள், அந்தத் தாளில் செம்பு பச்சை பிடித்து ஒட்டும், எவற்றை முதலில் மாற்ற வேண்டும் என்று தெரியும். மதிப்பை 'காலணா' என்று எழுதியபடியே வைத்துவிட்டு, பக்கத்தில் ரூபாயில் எவ்வளவு என்று ஓர் எண்ணும் வேண்டும், ஏனென்றால் பழைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா, 1957 ஏப்ரலுக்குப் பிறகு 100. இரண்டும் 'ஒரு பைசா' என்று ஒரே வரிசையில் வந்தால் உங்கள் அப்பாவுக்குக் கோபம்தான் வரும்.

எல்லாவற்றையும் சிஎஸ்வி-யாக (வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பாக) வெளியே எடுக்கும் வசதியை முதல் நாளே செய்துவிடுங்கள் தம்பி. நான் நம்பிய ஒரு செயலி ஒருநாள் திறக்கவே இல்லை, மூன்று வருட உழைப்பு அதற்குள்ளேயே போய்விட்டது.

செப்புக்காசு

அக்கா, சிஎஸ்வி நேற்று இரவே போட்டுவிட்டேன். டேபிளையும் இரண்டாகப் பிரித்தாயிற்று, 1,400 வரிகள் 610 வகைகளாகச் சுருங்கின. ஆலைக்குறிக்கு 'பார்க்கவில்லை' என்பதையே தொடக்க மதிப்பாக வைத்தேன். காலையிலிருந்து அப்பா ஜன்னலோரம் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை 85 முடிந்திருக்கிறது.